சியாமென் ரயிலும் என் மனைவியின் பாஸ்போர்ட்டும்

சீனாவுக்குப் பதினான்கு தடவை போய்வந்தவன் நான். துபாயில், சத்வாவில் இருக்கிற என் கடைக்கு வந்து ஐந்து நிமிடம் நின்றவர்கள் யாரும் இதைக் கேட்காமல் போனதில்லை. பட்டன், லேஸ், ஜிப், கல் வைத்த பார்டர் என்று தையல்காரர்களுக்கு வேண்டிய சில்லறைச் சாமான் விற்கிற கடை. வருஷத்துக்கு ஒரு தடவை குவாங்சோவுக்குப் போய்ச் சரக்கு எடுத்து வருவேன். வந்த பிறகு ஒரு மாதத்துக்கு என் வாயில் வேறு பேச்சு இருக்காது. ரோடு என்றால் சீனா ரோடு, பாலம் என்றால் சீனாப் பாலம். தெருவில் இருக்கிற டெய்லர்கள் எனக்குப் பட்டப்பெயர் வைத்திருப்பதும் எனக்குத் தெரியும்.

ஒரு நாள் சாயங்காலம் என் மனைவி கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு அரபிப் பெண்மணி கொடுத்துவிட்டுப் போன துணித்துண்டுக்குப் பொருத்தமாகப் பட்டன் தேடிக்கொண்டிருந்தாள். நான் ஒரு டெய்லரிடம் சீனத்து ரயிலைப் பற்றி அளந்துகொண்டிருந்தேன். டம்ளரில் நிரம்பத் தண்ணீர் ஊற்றி வைத்தாலும் ஒரு சொட்டு சிந்தாது என்றேன். அவள் தலையை நிமிர்த்தாமலே கேட்டாள்.

"அந்த ரயில்ல ஏறி எந்த ஊருக்குப் போனீங்க மச்சான்?"

உண்மை என்னவென்றால், அந்த ரயிலில் நான் ஏறியதே இல்லை. டாக்ஸியில் போகும்போது பாலத்துக்கு மேலே சர்ரென்று போவதைப் பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான். ஏர்போர்ட், ஹோட்டல், மார்க்கெட், கார்கோ ஆபீஸ், மறுபடி ஏர்போர்ட். பதினான்கு தடவையும் இதுதான் என் சீனா. கடலோரத்தில் பிறந்து வளர்ந்தவன், அந்த ஊர்க் கடல் என்ன நிறம் என்றுகூடத் தெரியாது. டெய்லர் என் முகத்தைப் பார்த்துவிட்டு இருமுகிற மாதிரி சிரித்தான். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அந்தக் கோபத்தில்தான் சொன்னேன், இந்தத் தடவை உன்னையும் கூட்டிக்கொண்டு போகிறேன், ரயிலில் போகிறோம், கடலைப் பார்க்கிறோம், ஒரு பட்டன்கூட வாங்கப் போவதில்லை என்று.

வீம்புக்குச் சொன்னேன் என்று மட்டும் எழுதினால் அது பாதிப் பொய். இன்னொரு காரணமும் இருந்தது.

எங்கள் மூத்த மகளுக்குக் கல்யாணமாகிவிட்டது. இளையவள் அந்த வருஷம்தான் சென்னையில் காலேஜில் சேர்ந்து ஹாஸ்டலுக்குப் போயிருந்தாள். நாங்கள் இருந்த ஃப்ளாட் இரண்டு பேருக்குப் பெரிசு. வளைகுடாவில் இதற்கு ஒரு வழக்கம் இருக்கிறது. முதலில் தனியாக வருவோம். கொஞ்சம் காலூன்றியதும் ஃபேமிலியைக் கொண்டுவருவோம். பிள்ளைகள் காலேஜுக்குப் போனதும் ஃபேமிலியை ஊருக்கு அனுப்பிவிட்டு, பழையபடி ரூமில் ஒரு கட்டிலுக்குத் திரும்புவோம். என் வாப்பா, என் மாமா, என் கடைக்கு இரண்டு கடை தள்ளி இருக்கிற டீக்கடைக்காரர் எல்லாரும் இப்படித்தான் செய்தார்கள். நானும் ஒரு நாள் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு அவளிடம் சொன்னேன். ஃப்ளாட்டைக் காலி பண்ணிவிடலாம், நீ ஊருக்குப் போய் நம்ம புது வீட்டில் இரு, நான் கடை ஆட்களோடு ரூமில் இருந்துகொள்கிறேன், உன் விசாவை மாதக் கடைசியில் கேன்சல் பண்ணிவிடுகிறேன் என்றேன்.

அவள் தட்டைக் கழுவிக்கொண்டே "சரி" என்றாள். எப்போது என்று மட்டும் கேட்டாள். சீனாவுக்குப் போய்விட்டு வந்ததும் என்றேன்.

ஆக, அந்தப் பயணம் பிள்ளைக்கு மிட்டாய் கொடுத்து ஊசி போடுகிற வேலை. அப்போது எனக்கு அப்படித் தோன்றவில்லை. மனைவியை வெளிநாட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகிற நல்ல புருஷன் என்றுதான் என்னைப் பற்றி நானே நினைத்துக்கொண்டிருந்தேன்.

இன்னொரு வழக்கத்தையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நடந்தது புரியாது. இருபது வயதில் நான் முதல்முதலாக வேலைக்குச் சேர்ந்த கடையின் முதலாளி, வேலையாட்கள் எல்லாருடைய பாஸ்போர்ட்டையும் வாங்கி இரும்புப் பெட்டியில் வைத்துவிடுவார். கையில் ஜெராக்ஸ்தான் இருக்கும். ஒரிஜினல் உள்ளே, காப்பி வெளியே. அப்படியே பழகிவிட்டோம். பிறகு சொந்தமாகக் கடை வைத்து, மனைவியை ஃபேமிலி விசாவில் எடுத்தபோது, அவளுக்கு ஸ்பான்சர் நான்தான். கஃபீல் என்று அரபியில் சொல்வார்களே, அதேதான். அவள் பாஸ்போர்ட்டும் பிள்ளைகள் பாஸ்போர்ட்டும் என் பீரோ லாக்கரில், சாவி என் கொத்தில். பதினெட்டு வருஷத்தில் அவள் தன் பாஸ்போர்ட்டைத் தொட்டது ஏர்போர்ட் வரிசையில் மட்டும்தான். இமிக்ரேஷனைத் தாண்டியதும் நான் கையை நீட்டுவேன், அவள் என் உள்ளங்கையில் வைத்துவிடுவாள். தொலைந்துவிடக் கூடாது என்ற எச்சரிக்கைதான், வேறு ஒன்றுமில்லை என்று யார் கேட்டாலும் சொல்லியிருப்பேன். யாரும் கேட்டதில்லை.

குவாங்சோவில் இரண்டு நாள் தங்கினோம். எனக்கு அது பழகிய ஹோட்டல். அவளுக்கோ எல்லாமே புதுசு. லிஃப்டில் ஏறினால் கண்ணாடி, இறங்கினால் கண்ணாடி என்று ஆச்சரியப்பட்டுக்கொண்டே இருந்தாள். பதினான்கு தடவை போன நான் ரிசப்ஷனில் இருந்த பெண்ணிடம் 'குட் மார்னிங்' தவிர எதுவும் பேசியதில்லை. இவள் முதல் நாளே பேரீச்சம்பழ டப்பா ஒன்றைக் கொண்டுபோய் நீட்டிவிட்டாள். மொபைலில் இவள் தமிழில் பேசினால் அது சீனத்தில் பேசியது. அந்தப் பெண் சீனத்தில் பேசினால் தமிழில் பேசியது. ஒரு மணி நேரத்தில் அந்தப் பெண்ணுக்கு எத்தனை பிள்ளை, மாமியார் எப்படி, முழங்கால் வலிக்கு என்ன தேய்க்கிறாள் என்பது வரை விசாரித்து முடித்து, இரண்டு பேரும் ஒருவர் நம்பரை ஒருவர் வாங்கிக்கொண்டார்கள். நான் ரூமுக்கு வந்து திட்டினேன். முன்பின் தெரியாதவளிடம் என்ன ஊர்க்கதை என்றேன். அவள் காதில் வாங்கவில்லை.

மூன்றாம் நாள் காலை பத்து நாற்பதுக்கு ரயில். சியாமென் என்கிற கடற்கரை நகரத்துக்கு. எங்கள் கார்கோ ஆபீஸ்காரர் டிக்கெட் போட்டுக் கொடுத்திருந்தார். இரண்டு ராத்திரி அங்கே தங்கிவிட்டு மறுபடி குவாங்சோ வந்துதான் விமானம், அதனால் பெரிய பெட்டிகளை ஹோட்டலிலேயே விட்டோம். அவற்றோடு நான் இன்னொன்றையும் ரிசப்ஷனில் பத்திரமாக ஒப்படைத்தேன். பாஸ்போர்ட் இரண்டும் இருந்த தோல் பை. ஒரிஜினல் உள்ளே. என் சட்டைப் பையில் துபாய் அடையாள அட்டையான எமிரேட்ஸ் ஐடி இரண்டு. பிளாஸ்டிக் ஃபைலில் பாஸ்போர்ட் காப்பி, விசா காப்பி, எல்லாம் நாலு நாலு செட். என்னைவிட முன்யோசனைக்காரன் உண்டா என்ற மிதப்பில் மெட்ரோ ஏறினேன்.

ஸ்டேஷனா அது, யா அல்லாஹ். எங்கள் ஊர் ரயில் நிலையத்தை அதன் கக்கூஸுக்குள் வைத்துவிடலாம். ஒன்றரை மணி நேரம் முன்னாலேயே போய்விட்டோம். என் மனைவி அண்ணாந்து பார்த்த தலையை இறக்கவே இல்லை. ரோஸ் நிறத் தலைத்துணி, தோளில் ஒரு பை, கையில் ஃபிளாஸ்க். முகம் முழுக்கச் சிரிப்பு. நான் முன்னால் நடந்து, வாசலில் நின்ற அதிகாரியிடம் இரண்டு எமிரேட்ஸ் ஐடியையும் ஸ்டைலாக நீட்டினேன்.

அவர் கார்டைத் திருப்பிப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுத்து, "பாஸ்போர்ட்" என்றார்.

ஃபைலைத் திறந்து காப்பியைக் கொடுத்தேன். அதையும் அப்படியே திருப்பிக் கொடுத்தார். விசா காப்பி கொடுத்தேன். கலர் காப்பி கொடுத்தேன். அவர் அசையவில்லை. பக்கத்தில் இருந்த ஒரு மெஷினைக் காட்டினார். டிக்கெட் என்று தனியாக ஒன்று அங்கே கிடையாது. பாஸ்போர்ட்தான் டிக்கெட். அதை அந்த மெஷினில் வைத்தால்தான் கதவு திறக்கும். வைப்பதற்கு ஒரிஜினல் வேண்டும்.

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. துபாயில் ஏர்போர்ட் கதவையே திறக்கிற கார்டு இது, ஆஸ்பத்திரி, பேங்க், எங்கே காட்டினாலும் மறுபேச்சு கிடையாது, கவர்ன்மென்ட் கார்டு, புரிகிறதா என்று முதலில் இங்கிலீஷில் சொன்னேன், பிறகு இந்தியில் சொன்னேன், கடைசியில் அரபியிலும் சொன்னேன். சீனாவில் நின்றுகொண்டு ஒரு சீனரிடம் அரபியில் சண்டை போட்ட ஒரே தமிழன் நானாகத்தான் இருப்பேன். பின்னால் வரிசை நீண்டது. அந்த அதிகாரி பாவம், கடைசி வரை சிரித்த முகமாகவே இருந்தார். அது என்னை இன்னும் எரிச்சல்படுத்தியது.

மனைவி என் சட்டையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள். பாஸ்போர்ட் எங்கே என்று கேட்டாள். சொன்னேன். என்னுடையதுமா என்று கேட்டாள். அதற்கும் ஆமாம் என்றேன். ஹோட்டலுக்குப் போக நாற்பது நிமிடம், வர நாற்பது நிமிடம். ரயிலுக்கு இருந்தது ஒரு மணி நேரமும் சொச்சமும். கணக்கு உதைத்தது. அடுத்த ரயில்களில் எல்லாம் இடமில்லை என்று கார்கோ ஆபீஸ்காரர் முன்பே சொல்லியிருந்தார். விடுமுறைக் கூட்டம். நான் சட்டென்று, சரி விடு, கடல்தானே, துபாயிலேயே இருக்கிறது, ரூமுக்குப் போவோம், நாளைக்கு உனக்கு மார்க்கெட்டைக் காட்டுகிறேன் என்றேன்.

அவள் முகத்தில் இருந்த சிரிப்பு அப்போதுதான் போனது. பதினெட்டு வருஷத்தில் அவள் என்னோடு போன பயணம் எல்லாம் யாராவது ஒருவர் வீட்டுக் கல்யாணத்துக்கோ மௌத்துக்கோதான். வெறுமனே பார்ப்பதற்காக எங்கேயும் போனதில்லை. அது எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தேதான் மார்க்கெட் என்றேன்.

அவள் மொபைலை எடுத்து அதன் வாயருகே தமிழில் பேசினாள். மூன்றே வாக்கியம். "தங்கச்சி, ஒரு தோல் பை ஒங்ககிட்ட குடுத்தாங்கள்ல எங்க வீட்டுக்காரங்க, அது இல்லாம ரயில் ஏறவிட மாட்டேங்குறாங்க. அதை யாருகிட்டயாவது குடுத்து அனுப்ப முடியுமா. நான் ஸ்டேஷன் வாசல்லதான் நிக்கிறேன்." மொபைல் அதைச் சீனமாக்கி அனுப்பியது. அரை நிமிடத்தில் பதில் வந்தது. கவலைப்படாதே அக்கா, வாசல் நம்பரைப் படமெடுத்து அனுப்பு, உன்னையும் ஒரு படமெடுத்து அனுப்பு.

அக்கா என்று சொன்னது மொபைலா அந்தப் பெண்ணா தெரியவில்லை. என் மனைவி அந்தச் சொல்லை இரண்டு தடவை எனக்குப் படித்துக் காட்டினாள்.

அங்கே சாப்பாடு, மருந்து, சாவி, எதுவானாலும் ஸ்கூட்டரில் கொண்டுவந்து கொடுக்க ஆள் உண்டு. அப்படி ஒருவரிடம் பை கிளம்பிவிட்டது. வரைபடத்தில் ஒரு சின்னப் புள்ளி நகர்ந்துகொண்டே வருவதை மொபைலில் பார்க்கலாம். அந்த முக்கால் மணி நேரம் இருக்கிறதே, அதை எழுத எனக்குத் தெம்பில்லை. புள்ளி சிக்னலில் நின்றால் என் மூச்சும் நின்றது. புள்ளி தப்பான ரோட்டில் திரும்பினால் நான் கத்தினேன். மனைவி மட்டும் வாசல் நம்பருக்குக் கீழே, படத்தில் நின்ற அதே இடத்தில், ஓர் அடி நகராமல் நின்றாள். நகர்ந்தால் அடையாளம் தெரியாது என்றாள்.

ரயிலுக்குப் பதினாறு நிமிடம் இருக்கும்போது மஞ்சள் ஹெல்மெட் போட்ட ஒருவர் வந்து சேர்ந்தார். ஹெல்மெட்டில் முயல் காது மாதிரி இரண்டு காது வேறு. மொபைலில் இருந்த படத்தையும் ரோஸ் தலைத்துணியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, என்னை ஒரு பொருட்டாகவே நினைக்காமல் பையை அவள் கையில் கொடுத்தார். அவள் "அல்ஹம்துலில்லாஹ்" என்றாள். அவர் என்ன புரிந்துகொண்டாரோ, கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டுப் போனார்.

அவள் பையைத் திறந்து தன் பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு என்னுடையதை என்னிடம் கொடுத்தாள். மெஷினில் வைத்தாள். கதவு திறந்தது. ஓடினோம். ஐம்பது வயதுக்காரன் ஃபிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு ஓடுவதைப் பார்த்து ஒரு பட்டாளம் சீனப் பிள்ளைகள் சிரித்தன. எஸ்கலேட்டரில் இறங்கி, கோடு போட்ட இடத்தில் நின்று, பெட்டிக்குள் காலை வைத்தபோது எனக்கு மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது. உட்கார்ந்ததும் பழக்கதோஷத்தில் கையை நீட்டினேன். அவள் பாஸ்போர்ட்டுக்காக.

அவள் என் கையைப் பார்த்தாள். "இது என்கிட்ட இருக்கட்டும்" என்றாள். தன் தோள்பையின் உள்ஜிப்பைத் திறந்து, வைத்து, மூடினாள்.

எனக்குச் சுருக்கென்றது. முகத்தைத் திருப்பிக்கொண்டு உர்ரென்று உட்கார்ந்தேன். ஆனால் அந்த ரயிலில் யாரால் கோபமாக உட்கார முடியும்? கிளம்பியதே தெரியவில்லை. கதவுக்கு மேலே சிவப்பு எழுத்தில் வேகம் ஓடியது. நூறு. நூற்றைம்பது. இருநூறு. வெளியே வாழைத்தோப்பு வந்தது தெரிவதற்குள் போய்விட்டது. குகைக்குள் புகுந்தால் காது அடைத்தது, வெளியே வந்தால் மலை, மறுபடி குகை. என் மனைவி ஜன்னலையும் அந்தச் சிவப்பு எழுத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். இருநூற்றுத் தொண்ணூற்றாறில் வந்து நின்றது. "இன்னும் நாலு, இன்னும் நாலு" என்று சத்தமாகவே சொன்னாள். வேகம் குறைந்தது. ஏதோ ஸ்டேஷன். மறுபடி ஏறியது. இந்தத் தடவை முந்நூற்றொன்று. அவள் என் தொடையில் ஓங்கி ஒரு அடி அடித்தாள். எதிர்ப்பக்கம் இருந்த பெரியவர் திரும்பிப் பார்த்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

பெட்டிக் கடைசியில் கொதிக்கிற தண்ணீர் வருகிற குழாய் இருந்தது. ஆளாளுக்கு டம்ளர் நூடுல்ஸைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அவள் சும்மா இருப்பாளா? பையிலிருந்து டீ பாக்கெட், பால்பவுடர், தட்டிய ஏலக்காய் எல்லாம் வெளியே வந்தன. சீனாவில், முந்நூறு கிலோமீட்டர் வேகத்தில், ஏலக்காய் டீ. அந்தப் பெரியவருக்கும் ஒரு கப் கொடுத்தாள். அவர் இரண்டு கையாலும் வாங்கிக் குடித்துவிட்டு எங்களுக்கு ஆளுக்கொரு ஆரஞ்சு கொடுத்தார். நிரம்பிய கப்பை ஜன்னல் ஓரத்தில் வைத்து அவள் சோதித்தும் பார்த்தாள். சிந்தவில்லை. "நீங்க சொன்னது நெசந்தான்" என்றாள். பதினான்கு தடவை அளந்ததில் ஒன்று உண்மையானதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

நடுவில் ஓரிடத்தில், இரண்டு குகைக்கு நடுவே, வலது பக்கம் கடல் தெரிந்தது. ஒரு நொடி. மீன்வளர்ப்புப் படல்கள், அதற்கப்பால் பச்சையாகத் தண்ணீர். அவள் எழுந்தே நின்றுவிட்டாள்.

சியாமெனில் இறங்கும்போது மூன்று மணி ஆகிவிட்டது. பசி வயிற்றைக் கிள்ளியது. ஹலால் சாப்பாட்டுக்கு என்ன செய்வது என்று நான் யோசித்துக்கொண்டிருக்க, அவள் ஒரு சந்தின் முனையில் பச்சைப் போர்டில் அரபி எழுத்தைப் பார்த்துவிட்டாள். நூடுல்ஸ் கடை. உள்ளே ஒரு ஆள் மாவை இழுத்து இழுத்து நூலாக்கிக்கொண்டிருந்தார். கல்லாவில் தலையில் துணி கட்டிய சீனப் பெண். என் மனைவி "அஸ்ஸலாமு அலைக்கும்" என்றாள். அந்தப் பெண் எழுந்தே நின்று பதில் சலாம் சொன்னாள். அதற்கு மேல் இரண்டு பேருக்கும் ஒரு வார்த்தை பொதுவாகக் கிடையாது. ஆனாலும் கையைப் பிடித்துக்கொண்டு ஐந்து நிமிடம் நின்றார்கள். எங்கள் கிண்ணத்தில் மாட்டிறைச்சி இரண்டு மடங்கு விழுந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், பதினான்கு தடவையும் ரூமில் பிரெட்டும் டின் மீனும் தின்று திரும்பியவன் நான். இப்படிப்பட்ட கடைகள் குவாங்சோவிலும் தெருவுக்கு ஒன்று இருக்கிறதாம். நான் கேட்டதே இல்லை.

மறுநாள் காலை கடற்கரைக்குப் போனோம். நீளமான மணல், பின்னால் ஆலமரங்கள் வரிசையாக நின்ற ரோடு, காகிதப்பூச் செடிகள். தண்ணீர் பளிங்கு மாதிரியெல்லாம் இல்லை, கொஞ்சம் கலங்கல்தான். கல்யாண உடுப்பில் படமெடுக்க வந்த ஜோடிகள் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். என் மனைவி செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு கணுக்கால் நனைய நின்றாள். அலை வந்தபோதெல்லாம் சிரித்தாள். அவளை அப்படிப் பார்த்து எத்தனையோ வருஷம். நான் மனசு நிறைந்து, பெருந்தன்மையோடு, ஊர்லயும் கடல் இருக்கு புள்ள, அடுத்த மாசத்துலேர்ந்து தினம் பார்க்கலாம் என்றேன்.

அவள் சிரிப்பை நிறுத்தினாள். கடலைப் பார்த்தபடியே பேசினாள்.

"நான் ஊருக்குப் போகல மச்சான்."

சரி என்றுதானே சொன்னாய் என்றேன்.

"நீங்க சொன்னீங்க. நான் கேட்டுக்கிட்டேன். போறியான்னு கேக்கலியே நீங்க." பிறகு என் பக்கம் திரும்பினாள். "ஊர்ல எனக்கு யாரத் தெரியும்? ஒங்க உம்மாவையும் பூட்டுன வீட்டையும் தெரியும். பதினெட்டு வருஷம் சத்வாவுல இருந்துட்டேன். நீங்க சீனாவுக்கு வந்தப்பல்லாம் கடைய நாந்தான் பாத்தேன். பொம்பளைங்க என்னத்தான் தேடி வர்றாங்க. நாலு பேருக்குச் சாப்பாடு ஆக்குறதுக்குப் புள்ளைங்க இல்லைன்னா நான் அங்க இருக்கக் கூடாதா?"

எனக்குக் கோபம் வந்தது. வராமல் இருக்குமா? வாடகை என்றேன், வழக்கம் என்றேன், ஊர் உலகத்தில் எல்லாரும் இப்படித்தான் செய்கிறார்கள் என்றேன், கஃபீல் நான், முடிவு என்னுடையது என்றும் சொல்லிவிட்டேன். சத்தமாகச் சொன்னேன். கல்யாண ஜோடி ஒன்று படமெடுப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தது.

அவள் தோள்பையை முன்னால் இழுத்து அதன்மேல் கையை வைத்துக்கொண்டாள். "கேன்சல் பண்றதுக்குப் பாஸ்போர்ட் வேணும்ல. அது என்கிட்ட இருக்கு. தர மாட்டேன்."

பயந்துகொண்டுதான் சொன்னாள். பையை அழுத்திய விரல்கள் நடுங்கின. அதைப் பார்த்ததும் என் சத்தம் நின்றுவிட்டது. என் தங்கையின் நிக்காஹுக்கு ஊருக்குப் போக வேண்டும், பாஸ்போர்ட்டைத் தாருங்கள் என்று நான் என் முதலாளிக்கு முன்னால் நின்றபோது எனக்கும் விரல் நடுங்கியது. ஸ்டாக் எடுக்கிற நேரம், அடுத்த வாரம் பார்க்கலாம், கலாஸ், பேச்சு முடிந்தது என்றார் அவர். நிக்காஹ் முடிந்து பன்னிரண்டு நாள் கழித்துத்தான் எனக்குப் பாஸ்போர்ட் கிடைத்தது. அந்த மனுஷனை இன்றைக்கு வரை திட்டிக்கொண்டிருக்கிறேன். என் வீட்டு பீரோவில் அவருடைய இரும்புப் பெட்டியை நானே பதினெட்டு வருஷம் வைத்திருந்தேன் என்பது அந்த மணலில் நிற்கும்போதுதான் உறைத்தது. வெட்கமாக இருந்தது. வெயிலைச் சாக்கிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

ஒரு விஷயம் அவளுக்குத் தெரியாது. இப்போதெல்லாம் ஃபேமிலி விசாவைக் கேன்சல் பண்ண அவள் பையில் இருக்கிற அந்தப் புத்தகம் தேவையே இல்லை. ஸ்பான்சர் மொபைலில் நாலு தடவை தட்டினால் போதும். என்னிடம் காப்பி நாலு செட் இருந்தது. ஒரே வாக்கியத்தில் அவள் வாயை அடைத்திருக்கலாம். நான் அதைச் சொல்லவில்லை.

ஒரு பெரிய அலை வந்து இரண்டு பேருடைய காலையும் நனைத்துவிட்டுப் போனது. பிறகு நான் கேட்டேன்.

"சரி. இப்பக் கேக்குறேன். ஊருக்குப் போறியா?"

அவள் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "மாட்டேன்" என்றாள்.

கட்டட வாட்ச்மேனிடம் மாதக் கடைசியில் ஃப்ளாட் காலி என்று சொல்லிவைத்திருந்தேன். துபாயில் அப்போது விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். அங்கேயே, தண்ணீரில் நின்றபடியே போன் போட்டேன். தூக்கக் கலக்கத்தில் எடுத்தவரிடம், பாய், ஃப்ளாட் காலி இல்லை, ஆள் யாரையும் கூட்டிவந்து காட்டாதே, நாங்கள் ரெண்டு பேரும் இருக்கிறோம் என்று இந்தியில் சொன்னேன். போனை ஸ்பீக்கரில் போடு என்று என் மனைவி கையைக் காட்டினாள். போட்டேன். அவர் "அச்சா, டீக் ஹை" என்று சொல்லி வைக்கும்வரை, அவள் செருப்பைக் கையில் பிடித்தபடி என் பக்கத்திலேயே நின்று ஒவ்வொரு வார்த்தையையும் கேட்டாள்.